அப்பாவோடு கொக்கோ உடைத்தவர்களுக்கு வீட்டில் செய்த சாக்லெட்: நம் வெயிலில் நிற்கும்படி செய்ய வழி சொல்லுங்கள்

மெலிந்தாங் மகள் எழுதியது:

வணக்கம். மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து எழுதுகிறேன். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம். அதற்குள் 34 வீடுகளுக்குச் சாக்லெட் செய்து கொடுக்க வேண்டும். இதுவரை இரண்டு முறை செய்து பார்த்தேன், இரண்டுமே சரிவரவில்லை.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்தால்தான் நீங்களும் சரியான வழி சொல்ல முடியும்.

எண்பதுகளில் எங்கள் தோட்டத்தில் தென்னைக்குக் கீழே கொக்கோ நட்டிருந்தார்கள். அப்பா காய் வெட்டுவார். அம்மாவும் மற்றப் பெண்களும் மரத்தடியில் உட்கார்ந்து காயை உடைத்து விதையை வழித்தெடுப்பார்கள். பள்ளி விட்டு வந்து நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளைச் சதையைச் சப்புவோம், மங்குஸ்தீன் மாதிரி இனிப்பும் புளிப்புமாக இருக்கும். அந்த விதை எங்கே போகிறது, என்னவாகிறது என்று எங்களுக்குக் கேள்விதான். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டு அம்மா ஒரு கட்டி சாக்லெட் கொடுத்தார். அம்மா அதை வெங்காயம் நறுக்கும் கத்தியால் வெட்டி லயத்துப் பிள்ளைகள் 11 பேருக்கும் பங்கு வைத்தார். பெரியவர்கள் யாரும் வாயில் வைக்கவில்லை. அம்மா கத்தியில் ஒட்டியிருந்ததை மட்டும் விரலால் வழித்து நக்கிப் பார்த்தாராம்.

கொக்கோ போய்ச் செம்பனை வந்தது. லயம் இடிந்தது. அன்று கூட வேலை செய்தவர்கள் இப்போது பெரிய சாலை ஓரத் தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள், எல்லாரும் 65 வயதிலிருந்து 80 வரை. தீபாவளிக்கு முந்தின நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் சைக்கிளில் முறுக்கு டின் கொண்டுபோய்க் கொடுப்பது அப்பாவின் வழக்கம். அப்பா போய் மூன்று வருடமாகிறது. இந்த வருடம் நான் கொண்டுபோக வேண்டும், அவர்கள் கையால் உடைத்த விதையிலிருந்து வரும் பண்டத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

நடந்தது இது. முதல் முறை தெலுக் இந்தானில் கேக் சாமான் கடையில் ஒரு கிலோ கருப்புச் சாக்லெட், கூவெர்ச்சர் (கொக்கோ வெண்ணெய் கூடுதலான வகை) என்று போட்டிருந்தது, வாங்கி வந்து கொதிக்கிற தண்ணீர்ப் பானைமேல் கிண்ணம் வைத்து உருக்கினேன். நன்றாகத்தான் உருகியது. திடீரென்று களிமண் மாதிரி இறுகிவிட்டது. இரண்டாம் முறை மைக்ரோவேவில் உருக்கி, மதியம் மூன்று மணிக்கு அச்சில் ஊற்றி, காற்றாடிக்குக் கீழே வைத்தேன். ஒரு மணி நேரமாகியும் உறையவில்லை. ஐஸ்பெட்டியில் வைத்தேன். மறுநாள் வெளியே எடுத்தால் மேலே சாம்பல் பூசினாற்போல வெள்ளை. தொட்டாலே விரலில் அப்பிக்கொள்கிறது.

அம்மா சொன்ன நிபந்தனைகள்: பாதிப் பேருக்குப் பல் இல்லை, கடலை, பாதாம் முழுசாகப் போடக்கூடாது. நிறையப் பேருக்குச் சீனி வியாதி. மூன்று வீடு மலாய்க்காரர் வீடு, அவர்களும் அதே தோட்டத்தில் இருந்தவர்கள். ஒரு பெட்டிக்கு ஆறு துண்டு என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

கெடா சமையல்கட்டு எழுதியது:

காம்பவுண்ட் சாக்லெட் வாங்குங்கள் சகோதரி. உருக்கி ஊற்றினால் போதும், வெப்பமானி எதுவும் வேண்டாம், நம் வெயிலுக்கும் ஓரளவு தாங்கும். நான் கல்யாண டோர் கிஃப்ட்டுக்கு 300, 400 துண்டு அப்படித்தான் செய்கிறேன். ஐந்து வாரத்தில் புதிதாகக் கற்றுக்கொள்வதைவிட அது நிம்மதி.

சாக்லெட் அக்கா எழுதியது:

மெலிந்தாங் மகளே, முதலில் ஒரு சொல். கெடா சமையல்கட்டு சொல்வது சரியான வழிதான், கூட்டம் பெரிதாக இருந்தால் நானும் காம்பவுண்ட்தான் எடுப்பேன். ஆனால் உங்கள் காரியத்துக்கு அது வேண்டாம் என்பேன். காம்பவுண்டில் கொக்கோ வெண்ணெயை எடுத்துவிட்டு, பெரும்பாலும் செம்பனைப் பருப்புக் கொழுப்பைத்தான் போடுகிறார்கள். பதம் பார்க்காமலேயே அது உறைவது அதனால்தான். கொக்கோ உடைத்தவர்களுக்குக் கொக்கோ வெண்ணெய் இல்லாத சாக்லெட்டைக் கொடுக்க வேண்டாம். வாயில் வைத்ததும் கரைந்து போகிற அந்த வழவழப்பு இருக்கிறதே, அது கொக்கோ வெண்ணெயின் குணம். அவர்கள் உடைத்த விதை காய்ந்த பிறகு அதில் ஏறக்குறைய பாதி அந்த வெண்ணெய்தான்.

இரண்டையும் கலந்து சிக்கனம் பார்க்கலாமா என்றும் யோசிக்காதீர்கள். அந்தக் கொழுப்பும் கொக்கோ வெண்ணெயும் ஒத்துப்போகாது. கலந்தால் மெத்தென்று ஆகி, சில நாளில் வெள்ளை பூக்கும்.

இனி உங்கள் இரண்டு தவறுகள். முதலாவது ஆவி. சாக்லெட்டில் ஈரம் கிடையாது. சீனியும் கொக்கோத் தூளும் கொழுப்பில் மிதக்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சீனி அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி உருண்டுவிடும். அந்தக் கிலோவைக் கொட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சூடான பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடித்தால் அருமையான குழம்பாகும், பிள்ளைகளுக்கு ரொட்டியில் தடவலாம். அச்சில் ஊற்ற மட்டும் இனி ஆகாது.

இரண்டாவது, பதம் தவறியது. நெய்யை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக உறைந்தால் மணல் மணலாக, சட்டென்று உறைந்தால் வழவழவென்று, ஒரே நெய் இரண்டு விதமாக வருகிறதல்லவா? கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையும். நமக்கு வேண்டியது ஐந்தாவது. அது 34 டிகிரியை ஒட்டித்தான் உருகும், மின்னும், உடைத்தால் சடக்கென்று முறியும். நாலாவது விதம் 28 டிகிரியிலேயே இளகிவிடும். நம் ஊரில் மதியம் மூன்று மணிக்கு அடுப்படி 32, 33 இருக்கும். அங்கே எது உறையும்? ஐஸ்பெட்டியில் அவசரமாக உறைந்தது தவறான விதத்தில் உறைந்து, வெளியே வந்ததும் கொழுப்பு மேலே ஏறி வெள்ளையாகப் பூத்தது. அது பூஞ்சணம் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். உருக்கி மறுபடி பதம் பார்த்தால் பழையபடி வந்துவிடும். அந்த இரண்டாவது கிலோ உங்களுக்கு மிச்சம்.

செய்ய வேண்டிய நேரம் விடியற்காலை நாலரை. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழும்புகிற நேரம். நம் ஊரில் ஒரு நாளில் அதுதான் குளிர்ச்சியான நேரம். படுக்கையறையில் ஏர்கோன் இருந்தால் 20இல் வைத்துக் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் விடுங்கள், அச்சும் கிண்ணமும் அந்த அறையிலேயே கிடக்கட்டும். ஏர்கோன் ஈரத்தையும் இழுத்துவிடும், அது இன்னொரு லாபம். நான் பத்து வருடமாகக் கட்டில் ஓரத்தில் மடக்கு மேசை போட்டுத்தான் செய்கிறேன்.

குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். இதில் கை உணர்வை நம்ப முடியாது. சாக்லெட்டில் மூன்றில் இரண்டு பங்கை மைக்ரோவேவில் 20, 30 வினாடியாக வைத்து, ஒவ்வொரு தடவையும் கிளறி, 45 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். 50ஐத் தாண்ட வேண்டாம். மிச்சம் ஒரு பங்கைப் பொடியாக நறுக்கி அதில் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கடையிலிருந்து வந்த கட்டி ஏற்கெனவே சரியான பதத்தில் இருப்பது. தயிருக்கு உறை ஊற்றுவது போல அந்தத் துண்டுகள் மற்றதையும் தன் பதத்துக்கு இழுத்துவிடும். 28 வரை இறங்கட்டும். பிறகு மைக்ரோவேவில் ஐந்தைந்து வினாடியாக வைத்து 31, 32க்கு ஏற்றுங்கள். அதுதான் ஊற்றும் சூடு. 34ஐத் தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பால் சாக்லெட்டாக இருந்தால் 29, 30 போதும். ஊற்றுவதற்கு முன் கத்தி நுனியில் தொட்டு ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மினுக்கத்தோடு உறைந்தால் சரி. கோடு கோடாக இருந்தால் இன்னும் கிளற வேண்டும்.

அச்சு நிறைய ஊற்றி, தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றி, கவிழ்த்து வடியவிட்டால் ஓடு நிற்கும். ஐஸ்பெட்டியில் பத்து நிமிடம் வைக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

உள்ளே வைக்கும் பூரணத்தில்தான் பல பேர் சறுக்குகிறார்கள். பாலாடை ஊற்றிச் செய்கிற கனாஷ் ஐஸ்பெட்டியில் சில நாள்தான் நிற்கும். பண்டிகைப் பெட்டியைத் திறக்காமல் சாமி மேடையில் ஒரு வாரம் வைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் சேராத பூரணம் செய்யுங்கள். காய்ந்த தேங்காய்த் துருவல் 400 கிராம் எடுத்துச் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, ஆறுவதற்கு முன்பே மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு எண்ணெய் விட்டு விழுதாகும். குலா மலாக்கா (தென்னைச் சர்க்கரை) 150 கிராம் சீவி, நன்றாக உலரவைத்துச் சலித்துப் போடுங்கள். உருக்கிய கருப்புச் சாக்லெட் 250 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. பச்சைத் தேங்காய் மட்டும் வேண்டாம், இரண்டே நாளில் ஊசிவிடும். இந்தப் பூரணம் மூன்று வாரம் தைரியமாக நிற்கும். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே இளகுவதால் உள்ளே மெத்தென்று இருக்கும், பல் இல்லாதவர்களும் நாக்கால் அழுத்திச் சாப்பிடலாம். 28 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே ஓட்டுக்குள் நிரப்புங்கள், இல்லாவிட்டால் ஓடு இளகிவிடும்.

204 துண்டு என்றால் ஓட்டுக்கும் மூடிக்கும் 2 கிலோ, கைகாவலாக அரைக் கிலோ. கொக்கோ விலை 2024இல் உலகச் சந்தையில் டன்னுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது, அப்போது கடையிலும் விலை ஏறியது. ஆனால் வடிந்ததையெல்லாம் திரும்ப உருக்கலாம், ஒரு துளியும் வீணாகாது.

மலாய்க்காரர் வீட்டுக்கு என்று தனியாகச் செய்யாதீர்கள். எல்லாருக்கும் ஒரே சாக்லெட். ஹலால் முத்திரை உள்ள கட்டி, சாராயம் கலக்காத வாசனைச் சாரம், புதுக் கிண்ணம், புது அச்சு. அதைச் சொல்லியே கொடுங்கள்.

பகான் டத்தோ பெரியவர் எழுதியது:

மகளே, நான் கொக்கோத் தோட்டத்தில் மண்டோராக, வேலையாட்களை மேய்க்கிறவனாக, இருந்தவன். வயது 76. என் பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல.

உன் அம்மா உடைத்த விதை எங்கே போனது என்று கேட்டாய் அல்லவா? நான் சொல்கிறேன். காயை உடைக்கும்போது பாராங் கத்தியின் கூர்ப்பக்கம் விதையில் படக்கூடாது, பட்டால் அந்த விதை கெட்டது. அதனால் பழகிய கைகள் கத்தியின் முதுகாலோ மரக்கட்டையாலோதான் தட்டும். ஒரு காயில் 30, 40 விதை. சதையோடு பலகைப் பெட்டியில் கொட்டி, வாழை இலையும் கோணிச் சாக்கும் போட்டு மூடுவோம். ஐந்தாறு நாள். நடுவில் பெட்டி மாற்றிப் புரட்டிக் கொட்ட வேண்டும். உள்ளே கையை விட்டால் சுடும், 45 டிகிரிக்கு மேல் போகும் என்று துரை வெப்பமானி வைத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் புளித்த வாடை சட்டையை விட்டுப் போகாது, வீட்டுக்காரி தனி வாளியில் துவைப்பாள். பெட்டியில் ஊறாத விதையிலிருந்து சாக்லெட் வாசனை வரவே வராது, எவ்வளவு வறுத்தாலும். அப்புறம் காயவைத்து மூட்டை கட்டி லோரியில் ஏற்றினால் எங்கள் வேலை முடிந்தது.

மழை நாளில் கொசுவும், கருப்பெறும்பும். அணில் பாதிக் காயை ஓட்டை போட்டுவிடும். கடைசியில் காய் துளைக்கும் பூச்சி வந்தது. உடைத்தால் விதையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகக் கிடக்கும். பெண்கள் அரை நாள் உடைத்தும் எடை ஏறாது, எடை இல்லையென்றால் கூலி இல்லை. அதுதான் எனக்கு மறக்காதது.

1990இல் மலேசியாவில் 247,000 டன் கொக்கோ விளைந்தது என்று பேரன் தேடிக் காட்டினான். இப்போது வருடத்துக்கு 1,000 டன்கூட இல்லையாம். ஆலைகள் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் விதை வரவழைத்து அரைக்கின்றன. அந்த 247,000 டன்னில் உன் அப்பா வெட்டியதும் இருக்கிறது, என் பெட்டியில் கிடந்ததும் இருக்கிறது.

தேங்காயை உள்ளே வைக்கச் சொன்ன அக்கா நன்றாக யோசித்திருக்கிறார். தென்னை நிழலில்தான் எங்கள் கொக்கோ வளர்ந்தது. அந்த இரண்டும் ஒரே துண்டில் இருப்பது எனக்குச் சந்தோஷம்.

பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடாதே. உட்கார்ந்து, இது என்ன என்று சொல்லிக் கொடு.

தாதி பிள்ளை எழுதியது:

அக்கா, நான் கிளினிக்கில் வேலை செய்கிறேன். சீனி வியாதிக்காரர்களுக்கென்று சீனியில்லாச் சாக்லெட் வாங்கிச் செய்யலாம் என்று தோன்றும். சீனிக்குப் பதிலாக மால்டிட்டோல் என்ற இனிப்புப் போட்டவைதான் அதிகம். அது கூடுதலாகப் போனால் வயிற்றைக் கலக்கும், வயதானவர்களுக்குப் பாவம். அதோடு, சீனி இல்லை என்று நினைத்து ஒரே மூச்சில் ஆறையும் சாப்பிட்டுவிடுவார்கள், அதிலும் மாவுச்சத்து இருக்கிறது. 70 விழுக்காட்டுக் கருப்புச் சாக்லெட்டில் சின்னதாகச் செய்து, ஆறுக்குப் பதில் மூன்று வையுங்கள். வீட்டில் மருந்து பார்த்துக்கொள்கிற மகனிடமோ மருமகளிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

மெலிந்தாங் மகள் எழுதியது:

தீபாவளி முடிந்து நாலு நாளாகிறது. உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்து விடியற்காலை எழுந்து செய்தேன். முதல் நாள் கத்தி நுனியில் கோடு விழுந்தது, இன்னும் கிளறினேன், சரியாயிற்று. முதல் அச்சைக் கவிழ்த்துத் தட்டியதும் துண்டுகள் தானாக விழுந்தன, கண்ணாடி மாதிரி மின்னின. அம்மா எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து ஒன்றொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். 19 வீட்டுக்கு ஆறு துண்டு, சீனி வியாதி உள்ள 15 வீட்டுக்கு மூன்று. எது யாருக்கு என்று அம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம்.

முந்தின நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். மீன் வாங்கப் போகும் கூலர் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, ஐஸ் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி அடியில் வைத்து, சாக்லெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி மேலே வைத்தேன். பத்து மணிக்குள் 28 வீடு முடிந்தது. பெரியவர் சொன்னபடி ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்ததால் மிச்ச ஆறு வீட்டுக்குச் சாயந்தரம் போக வேண்டியதாயிற்று. அதில் இரண்டு பெட்டியை டப்பாவிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிட்டேன், குளிர்ச்சிக்கு மேலே தண்ணீர் வேர்த்து, காய்ந்ததும் சொரசொரவென்று வெள்ளை படர்ந்தது. அவற்றைக் கொடுக்கவில்லை, மறுநாள் புதிதாகச் செய்துதான் கொடுத்தேன்.

அப்பாவோடு காய் வெட்டிய பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) ஒருவர், இப்போது கண் சரியாகத் தெரியாது, துண்டை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் முகர்ந்தார். "பெட்டி வாடை போயிடுச்சே" என்றார், தமிழில்தான், எங்கள் தோட்டத்தில் அவர் நல்ல தமிழ் பேசுவார். அப்புறம் வாயில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. கடைசி வீட்டுப் பாட்டி தனக்குக் கொடுத்த மூன்றில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, மிச்ச இரண்டை முந்தானையில் முடியப் போனார், பேத்திக்காம். உருகிவிடும் பாட்டி என்று சொல்லி, கூலரில் கைகாவலுக்கு வைத்திருந்த ஒரு பெட்டியைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டையும் அவர் என் முன்னாலேயே சாப்பிடும் வரை உட்கார்ந்திருந்தேன்.

சாக்லெட் அக்கா, ஒரு சந்தேகம். குலா மலாக்காவை எவ்வளவு உலர்த்தியும் மழை நாளில் கட்டி பிடித்துவிட்டது. ஒரு நாள் பூரணத்தில் கற்கண்டு மாதிரி கடிபட்டது.

சாக்லெட் அக்கா எழுதியது:

சீவியதைத் தட்டில் பரப்பி, அடுப்பை 60 டிகிரியில் வைத்து, கதவை விரல் அளவு திறந்தபடி ஒரு மணி நேரம் விடுங்கள். ஆறியவுடன் இரண்டு கரண்டி வறுத்த தேங்காயோடு சேர்த்து அரைத்துப் பிறகு சலியுங்கள், தேங்காயின் எண்ணெய் பூசிக்கொண்டால் சீக்கிரம் ஈரம் பிடிக்காது. அந்தப் பாக்சிக்குக்கு அடுத்த தடவை வறுத்த கொக்கோ விதை கொஞ்சம் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். என்னிடம் கால் கிலோ இருக்கிறது. தெலுக் இந்தான் பக்கம் வரும்போது சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.